கேட்காத சேவைக்கு ஏன் காசு? – கைபேசி, பிராட்பேண்ட் கட்டணங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இதுவரை இலவசமாக இருந்த கைபேசி, பிராட்பேண்ட் சேவைகளுக்குத் திடீரெனக் கட்டணம் போடுகிறார்கள் என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் வாழ்பவருக்கு 50 ரூபாய் காணாமல் போவதும் பெரிய இழப்புதான். அதனால் சின்னத் தொகைகளைப் பற்றிய கேள்விகளையும் விடவில்லை.

கேள்வி: என் அம்மா வைத்திருப்பது பட்டன் போன். டாப்-அப் போட்டால் சில நாளில் இருப்பு கரைந்துவிடுகிறது. கடைக்காரரிடம் கேட்டால், ‘ஜோதிடம் சேவை ஓடுகிறது’ என்கிறார். அம்மாவுக்குப் படிக்கவே தெரியாது. அவர் எப்படி அதைக் கேட்டிருப்பார்? – வாசகி, ஆரணி

அவர் கேட்டிருக்க மாட்டார். பட்டன் போன்களில் திரையின் நடுவே ஒரு செய்தி தானாக வந்து நிற்கும். அதை நீக்க ‘ஓகே’ பட்டனை அழுத்துவார்கள். அந்த அழுத்தலையே சம்மதமாக எடுத்துக்கொள்ளும் தந்திரம் இது. ராசிபலன், கிரிக்கெட் ஸ்கோர், காலர் டியூன், விளையாட்டு என்று இவற்றுக்கெல்லாம் ‘மதிப்புக்கூட்டு சேவை’ என்று பெயர். பெரும்பாலும் இவற்றைத் தருவது உங்கள் தொலைபேசி நிறுவனம் அல்ல, அதனோடு ஒப்பந்தம் போட்ட வேறொரு நிறுவனம். வசூலை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

ஓர் ‘ஓகே’ மட்டும் சட்டப்படி போதாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2013 ஜூலையில் இரட்டை உறுதிப்பாட்டைக் கட்டாயமாக்கியது. வாடிக்கையாளர் ஒருமுறை சம்மதித்த பிறகு, சேவையின் பெயர், கட்டணம், எத்தனை நாள் என்ற விவரத்தோடு இன்னொரு செய்தி வர வேண்டும். அதற்கும் சம்மதித்தால்தான் பணம் எடுக்கலாம். அந்த இரண்டாவது சம்மதத்தின் பதிவு நிறுவனத்திடம் இருந்தாக வேண்டும். உங்கள் கையில் உள்ள ஆயுதம் அந்தப் பதிவுதான்.

முதலில் அம்மாவின் போனிலிருந்தே 155223 என்ற எண்ணை அழையுங்கள். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான இலவச எண் இது. என்னென்ன சேவைகள் ஓடுகின்றன என்று சொல்லும், அங்கேயே நிறுத்தலாம். நிறுத்தியதற்கான எஸ்.எம்.எஸ். வரும்வரை விடாதீர்கள். ஒரு சேவையை நிறுத்திவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. அடுத்த வாரமும் இருப்பு குறைந்தால் காரணம் அந்த இரண்டாவது சேவையாக இருக்கும்.

தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொன்னால் பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அம்மாவின் விஷயத்தில் அந்த நேரம் கடந்திருக்கும். பரவாயில்லை. நிறுவனத்தின் புகார் எண்ணான 198-ஐ அழைத்து, ‘இரட்டை உறுதிப்பாட்டின் தேதி, நேரம், அது எந்த வழியில் பெறப்பட்டது என்ற விவரம் வேண்டும்’ என்று கேளுங்கள். ‘கஸ்டமரே ஆக்டிவேட் செய்திருக்கிறார்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். பதிவைக் காட்ட முடியாவிட்டால், தொடங்கிய நாளிலிருந்து பிடித்த முழுத்தொகையையும் கேட்கலாம். எவ்வளவு போனது என்று தெரியாவிட்டால், ப்ரீபெய்டு எண்ணுக்கும் விவரப் பட்டியல் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது.

இனி வராமல் தடுக்க, போனின் மெனுவில் நிறுவனத்தின் பெயரில் இருக்கும் சிம் சேவைப் பகுதிக்குள் போங்கள் (ஸ்மார்ட்போனில் இதுவே ‘சிம் டூல்கிட்’ செயலி). அதில் ஃபிளாஷ் மெசேஜ் (திரையில் தானாக வந்து நிற்கும் செய்தி) வசதியை அணைத்துவிடுங்கள். அம்மாவுக்கு அன்லிமிடெட் பேக் போட்டிருந்தால் தனியாக டாப்-அப் போடுவதையும் நிறுத்தலாம். முதன்மை இருப்பு பூஜ்யமாக இருந்தால் எடுப்பதற்கு எதுவும் இருக்காது.

கேள்வி: 100 ரூபாய் டாப்-அப்புக்கு 81.75 ரூபாய்தான் ஏறுகிறது. மீதி எங்கே போகிறது? – வாசகர், திண்டுக்கல்

100 ரூபாய்க்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் 84.75. அதிலிருந்து நடைமுறைக் கட்டணம் 3 ரூபாய் போக 81.75. இந்த நடைமுறைக் கட்டணம் டாப்-அப் விலையில் 10 சதவீதம் அல்லது 3 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. 10 ரூபாய் டாப்-அப்பில் 1 ரூபாய்தான் பிடிக்கலாம், 7.47 ஏற வேண்டும். உங்களுக்குச் சரியாகவே ஏறியிருக்கிறது.

கேள்வி: 2006-இல் 999 ரூபாய் கொடுத்து ‘லைஃப்டைம்’ சிம் வாங்கினேன். இன்கமிங் ஆயுள் முழுக்க இலவசம் என்றார்கள். இப்போது ரீசார்ஜ் செய்யாவிட்டால் இன்கமிங்கும் நின்றுவிடும் என்கிறார்கள். இது நியாயமா? – வாசகர், நாமக்கல்

உங்கள் கோபம் நியாயமானது. நடந்தது என்னவென்று சொல்கிறேன். 2003 மே 1 வரை நம் நாட்டில் கைபேசிக்கு வரும் அழைப்புக்கும் காசு கொடுத்தோம். அதன் பிறகு அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்தது. உங்களுக்கு ஒருவர் வேறு நிறுவன எண்ணிலிருந்து பேசினால், அவருடைய நிறுவனம் உங்கள் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு பைசா என்று இணைப்புக் கட்டணம் தந்தது. இன்கமிங்குக்கு மட்டும் சிம் வைத்திருப்பவராலும் நிறுவனத்துக்கு வருமானம் இருந்தது அதனால்தான். 2005 இறுதியில் லைஃப்டைம் திட்டங்கள் முளைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

அந்தக் கட்டணம் 2017 அக்டோபர் 1 அன்று 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைந்தது. 2021 ஜனவரி 1 முதல் முற்றிலும் ஒழிந்தது. இடையில், பேச்சுக்குக் கட்டணமே இல்லை என்ற வாக்குறுதியோடு வந்த ஜியோ, 2019 அக்டோபர் முதல் மற்ற நிறுவன எண்களை அழைக்க நிமிடத்துக்கு 6 பைசா வசூலித்து, 2021 ஜனவரி முதல் அதைக் கைவிட்டது. பலருக்கு அது நினைவிருக்கும். அதற்கும் இதே இணைப்புக் கட்டணம்தான் காரணம். இந்த வருமானம் வற்றத் தொடங்கியபோதுதான், 2018 இறுதியில், மாதாமாதம் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ற விதியை நிறுவனங்கள் கொண்டுவந்தன.

சட்டத்தில் என்ன நிலை? கைபேசிக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ள டிராய் விட்டுவிட்டது. ஆனாலும் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. ஒரு திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குக் கட்டணத்தை உயர்த்தக் கூடாது. ‘இத்தனை நாள்’ என்று காலம் சொல்லி முன்பணம் வாங்கியிருந்தால் அந்தக் காலம் முடியும்வரை உயர்த்தக் கூடாது. ‘லைஃப்டைம்’ என்றால் வாடிக்கையாளரின் ஆயுள் என்று நாம் நினைத்தோம். சட்டம் அதை நிறுவனத்தின் உரிமக் காலம் என்று பார்க்கிறது. அந்த விளம்பரங்களில் இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் எண் இன்றும் அதே பழைய திட்டத்தில் இருக்கிறதா, எந்தத் தேதியில் மாற்றப்பட்டது, அதற்கு உங்கள் சம்மதம் உண்டா என்று எழுத்து மூலம் கேளுங்கள். நடுவில் ஏதாவது ஒரு பேக் போட்டபோது திட்டம் மாறியிருப்பதுதான் வழக்கம்.

எண்ணை இழக்காமல் இருப்பதே நோக்கம் என்றால், 90 நாள் பயன்பாடு எதுவும் இல்லாவிட்டாலும் இருப்பில் 20 ரூபாய் இருந்தால் எண்ணைத் துண்டிக்கக் கூடாது. 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு 30 நாள் நீட்டிப்பார்கள். துண்டித்த பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. ஆனால் இது எண்ணைக் காப்பாற்றும், இன்கமிங்கைத் திறந்து தராது. அதற்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் போதும். 2024 டிசம்பரில் டிராய் கட்டாயப்படுத்தியதால் 2025 ஜனவரி முதல் அப்படிப்பட்டவை வந்துள்ளன. கடையில் அதை முதலில் எடுத்துக் காட்ட மாட்டார்கள். ‘டேட்டா இல்லாத பேக்’ என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மாதம் 499 ரூபாய், இன்ஸ்டலேஷன் இலவசம், மோடம் இலவசம் என்று ஃபைபர் இணைப்பு கொடுத்தார்கள். முதல் பில் 961 ரூபாய் 74 காசு. ஏமாற்றிவிட்டார்களா? – வாசகி, சேலம்

பில்லைப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் இணைப்பு 12-ஆம் தேதி தொடங்கி, பில் சுற்று 1-ஆம் தேதி தொடங்குவதாக இருந்தால், 30 நாள் மாதத்தில் மீதமுள்ள 19 நாளுக்கு 499 × 19 ÷ 30 = 316.03 ரூபாய். அடுத்த மாத வாடகை முன்பணமாக 499. கூட்டினால் 815.03. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 146.71. மொத்தம் 961.74. உங்கள் தொகையோடு காசு பிசகாமல் ஒத்துப்போவதால், கூடுதலாக எதுவும் சேரவில்லை என்றே தோன்றுகிறது. அடுத்த மாதம் 588.82 வர வேண்டும். அதைத் தாண்டினால் அப்போது கேள்வி கேளுங்கள். விளம்பரத்தில் வரியைச் சேர்க்காமல் விலை போடுவதால்தான் இந்தக் குழப்பம்.

இலவசம் என்று சொன்னவை பின்னால் கட்டணமாக மாறும் இடங்கள் வேறு. இன்ஸ்டலேஷன் இலவசம் என்பது பெரும்பாலும் 6 மாதம் அல்லது ஓராண்டு இணைப்பை வைத்திருந்தால் மட்டும்தான். அதற்குள் விலகினால் அந்தத் தொகையைக் கடைசி பில்லில் சேர்ப்பார்கள். மோடம் இலவசம் என்றால் பயன்படுத்த இலவசம், உங்களுக்குச் சொந்தமல்ல. ஓ.டி.டி. (இணையத்தில் படம், தொடர் பார்க்கும் சேவை) சந்தா முதல் சில மாதங்களுக்கு மட்டும் இலவசமாக இருந்து பிறகு பில்லில் ஏறும். லேண்ட்லைன் பேச்சு இலவசம் என்பது உள்நாட்டு அழைப்புகளுக்குத்தான். ‘அன்லிமிடெட்’ என்பதற்கும் எல்லை உண்டு. பல வீட்டு ஃபைபர் திட்டங்களில் மாதம் 3,300 ஜி.பி. தாண்டினால் வேகம் குறையும், ஆனால் காசு ஏறாது.

இணைப்பைத் துண்டிக்கும்போது நடக்கும் தகராறுகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. மோடத்தைத் தெருமுனை லைன்மேனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, மூன்று மாதம் கழித்து ‘கருவி திரும்பவில்லை’ என்று நோட்டீஸ் வாங்குகிறவர்கள் ஏராளம். மோடத்தின் அடிப்பகுதியில் உள்ள சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். அடாப்டரோடு சேர்த்துக் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். துண்டிக்கும் கோரிக்கையை மின்னஞ்சலிலோ செயலியிலோ கொடுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் பில் ஓடிக்கொண்டே இருக்கும். டெபாசிட் கட்டியிருந்தால் 2024 அக்டோபரிலிருந்து அதை 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். முன்பு இது 60 நாளாக இருந்தது.

கேள்வி: தனுஷ்கோடி போய் வந்தோம். ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று மெசேஜ் வந்தது. பிறகு போஸ்ட்பெய்டு பில்லில் சர்வதேச ரோமிங் கட்டணம். இந்திய மண்ணை விட்டுப் போகவே இல்லையே! – வாசகர், மதுரை

தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவே மறைக்க மலையோ கட்டடமோ இல்லாத கடல். நம் கோபுரத்தின் சிக்னல் பலவீனமான இடத்தில், போன் தானாகவே அந்தப் பக்கக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்பதால் போனின் கடிகாரம் மாறிக் காட்டிக்கொடுக்காது. திரையின் மேலே நிறுவனத்தின் பெயரைப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் எண்ணில் சர்வதேச ரோமிங் வசதி திறந்திருந்தால் மட்டுமே பணம் போகும். முன்பு வெளிநாடு போனபோது திறந்து, திரும்பிய பிறகு மூட மறந்திருக்கலாம். செயலியில் போய் அதை மூடுங்கள். ராமேசுவரம், கோடியக்கரைப் பக்கம் போகும்போது ‘டேட்டா ரோமிங்’கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை ‘தானியங்கி’யிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். ஊர் திரும்பியதும் மீண்டும் தானியங்கிக்கு மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சிக்னல் தொல்லை வரும்.

வந்த பில்லுக்கு எதிராகப் புகார் கொடுங்கள். அதே நாளில் சில நிமிட இடைவெளியில் இந்தியக் கோபுரத்திலும் இலங்கைக் கோபுரத்திலும் உங்கள் போன் பதிவாகியிருக்கும். அந்த இடைவெளியில் யாரும் கடலைத் தாண்டிப் போய்வர முடியாது. பயண நாளின் பேருந்து டிக்கெட் அல்லது விடுதி ரசீது இருந்தால் இணையுங்கள்.

கேள்வி: புது ஐபோனில் சிம் போட்டதும் 5 ரூபாய் போய்விட்டது. நான் யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. – வாசகர், கோவை

போன் அனுப்பியிருக்கிறது. ஐமெசேஜ், ஃபேஸ்டைம் வசதிகளுக்காக உங்கள் எண்ணைச் சரிபார்க்க ஐபோன் ஓசையில்லாமல் ஒரு வெளிநாட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பும். வெளிநாட்டு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு இங்கே வழக்கமாக 5 ரூபாய். அன்லிமிடெட் பேக்கில் அது சேராது. சிம் மாற்றினாலோ போனை ரீசெட் செய்தாலோ மறுபடியும் போகலாம். இந்த இரண்டு வசதிகளும் தேவையில்லையென்றால் அமைப்புகளில் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: யு.பி.ஐ. செயலியில் ரீசார்ஜ் செய்தால் 2, 3 ரூபாய் கூடுதலாகப் பிடிக்கிறது. மேலும் ஓ.டி.டி. செயலியை நீக்கிய பிறகும் மாதம் பணம் போகிறது. – வாசகி, தஞ்சாவூர்

இரண்டும் தொலைபேசி நிறுவனம் எடுக்கும் பணம் அல்ல. ரீசார்ஜில் பிடிப்பது அந்தச் செயலியின் சேவைக் கட்டணம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இது இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் சொந்தச் செயலியில் ரீசார்ஜ் செய்து பாருங்கள். பணம் கட்டும் முன் இறுதித் தொகையை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஓ.டி.டி. விஷயத்தில், ‘1 ரூபாய்க்கு ஒரு மாதம்’ என்று சேரும்போதே ஆட்டோபே (மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும்) அனுமதி வாங்கிவிடுகிறார்கள். செயலியைப் போனிலிருந்து நீக்கினாலும் அந்த அனுமதி வங்கியில் உயிரோடு இருக்கும். உங்கள் யு.பி.ஐ. செயலியில் ‘ஆட்டோபே’ அல்லது ‘மேண்டேட்’ பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வராவிட்டால் வங்கியிடம் புகார் செய்யலாம். எளிதாகச் சேரவிட்டு, விலகும் வழியை ஒளித்துவைப்பதை ‘சந்தாப் பொறி’ என்று பெயரிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் வழிகாட்டுதல்களில் தடை செய்திருக்கிறது. புகாரில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: புகார் செய்யவே காசு பிடிக்கிறார்களே! எங்கே, எப்படிப் புகார் செய்வது? – பல வாசகர்கள்

121 தகவல் எண். சில நிறுவனங்களில் அதில் ஊழியரோடு பேச 3 நிமிடத்துக்கு 50 பைசா பிடிப்பார்கள். புகாருக்கான எண் 198, அது இலவசம். வங்கி, நிறுவனங்களின் 1800 எண்களும் இலவசம். ஆனால் 1860-இல் தொடங்கும் எண்கள் இலவசம் அல்ல, சில அன்லிமிடெட் பேக்குகளில் அவை சேராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் இழப்பவர்கள் நிறைய.

198-இல் புகார் சொன்னால் எஸ்.எம்.எஸ்.ஸில் புகார் எண் வர வேண்டும். அது இல்லாமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள், அந்த எண் இல்லாத புகார் கணக்கிலேயே வராது. பதில் வரவில்லை அல்லது திருப்தியில்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிட வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. மின்னஞ்சலே போதும், முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து டிராய்க்கு எழுதுகிறார்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது, நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பும். நாள்தான் வீணாகும்.

மேல்முறையீட்டில் இப்படி எழுதுங்கள்: ‘என் எண்ணில் (தேதி) முதல் (சேவை) பெயரில் (தொகை) பிடிக்கப்பட்டது. இதற்கு நான் சம்மதம் தரவில்லை. (தேதி) அன்று கொடுத்த புகாரின் எண் இது. இரட்டை உறுதிப்பாட்டுப் பதிவைத் தரவும். இல்லையெனில் முழுத்தொகையையும் திருப்பித் தரவும்.’ கோபத்தைக் கொட்டிப் பக்கம் பக்கமாக எழுதினால் தொகையும் தேதியும் அதற்குள் மறைந்துபோகும்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, மத்திய அரசின் பொதுக்குறை தீர்வு இணையதளம், கடைசியாக உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசிப் புகார் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று நிறுவனங்கள் பல ஆண்டு வாதாடிவந்தன. வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரீசார்ஜ் செய்ததற்கும் பணம் பிடித்ததற்கும் வந்த எஸ்.எம்.எஸ்.களை அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.